கடல்பாசி, வீகன் ஜெல்லி பவுடர், சீ மாஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்து மளிகைக் கடையிலோ கீழக்கரைக் கடைத்தெருவிலோ கடல்பாசி என்று கேட்டால், கொடுக்கிற சரக்கு ஒன்றுதான். வெள்ளை இழைகளாகக் காய்ந்த அகர், பெரும்பாலும் 10 கிராம் கட்டாக இருக்கும். சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள், கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் அது கடப்பாசி. அதே சொல்லைக் கைப்பேசியில் தட்டினால் நாலு விதமான சரக்கு வந்து நிற்கிறது: இழை அகர், அகர் தூள், விலங்குப் பொருளே இல்லை என்று விற்கிற ‘வீகன் ஜெல்லி பவுடர்’ என்ற கலவை, ‘சீ மாஸ்’ என்ற பெயரில் உப்புப் பூத்த காய்ந்த பாசி. கூடவே இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே, அந்தக் கம்பெனியைப் புறக்கணி என்று வீடியோக்கள். பால் வேண்டாம், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இந்த நான்கில் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. எங்கள் கடலில் விளைகிற சரக்கைப் பற்றி இவ்வளவு தவறான பேச்சு ஓடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இழை. நம் கடற்கரையில் அகருக்கு எடுப்பது முக்கியமாக இரண்டு பாசி: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி. இரண்டும் சிவப்புப் பாசி வகை. மரிக்கொழுந்தில் கிடைக்கும் அகர் கெட்டியாக உறையும், கஞ்சிப்பாசி அகர் இளக்கமானது. பாக்கெட்டில் எது என்று யாரும் அச்சடிப்பதில்லை. அதனால் ஒரு கடையில் வாங்கின கட்டு லிட்டருக்குச் சரியாக உறைவதும், இன்னொரு கடைக் கட்டு கொழகொழவென்று நிற்பதும் சமையல் தப்பு அல்ல. புதுக் கடையில் வாங்கினால் முதலில் கால் பங்கு அளவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உறைய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விருந்துக்குப் போட வேண்டும்.

அளவு: 10 கிராம் இழைக்கு மொத்தம் ஒரு லிட்டர் திரவம். வெட்டித் துண்டு போடும் பதம் வேண்டுமானால் 900 மில்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். இழையை நறுக்கி 500 மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அதே தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறிக் கொதிக்கவிட வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு இழைகூட ஒட்டாமல் வழிந்தால்தான் கரைந்துவிட்டது என்று அர்த்தம். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சூடானால் போதும் என்று நினைத்து இறக்கிவிடுவார்கள். அகர் கரையக் கிட்டத்தட்ட கொதிநிலை வேண்டும், 70 டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கரையாது. சீனியையோ தேங்காய்ப்பாலையோ முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் இழை சரியாகக் கரையாமல் திப்பி தட்டும். வெறும் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பிறகுதான் மற்றவை.

பாலில்லாத கடல்பாசிக்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் பொருளிலேயே நல்ல கூட்டு இருக்கிறது: 120 கிராம் கருப்பட்டியை 100 மில்லி தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, 350 மில்லி முதல் தேங்காய்ப்பாலோடு கலப்பது. இதில் வழக்கமாக வரும் குறை, உறைந்த பிறகு மேலே வெள்ளை அடுக்கு, கீழே பழுப்பு அடுக்கு என்று பிரிந்து நிற்பது. கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றினால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே ஏற நேரம் கிடைத்துவிடுகிறது. பாத்திரத்திலேயே கிளறிக்கொண்டு சூட்டை 45 டிகிரி வரை, அதாவது விரல் தாங்கும் சூடு வரை, இறக்கி, லேசாகக் கனக்கும்போது ஊற்றினால் பிரியாது. அடுக்கடுக்காக இருப்பதே அழகு என்று நினைப்பவர்கள் சுடச்சுட ஊற்றிக்கொள்ளலாம், ருசி குறையாது.

அகர் 32 முதல் 40 டிகிரிக்குள் உறையும், உறைந்தது மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சித்திரை, வைகாசியில் ராமநாதபுரத்துப் பந்தியில் ஜெலட்டின் ஜெல்லி தட்டிலேயே தண்ணீராகிவிடும், கடல்பாசி துண்டு துண்டாக நிற்கும். ஆனால் அதே வெயில் காலத்தில் மதியம் செய்தால் அறைச் சூடே 36, 37 இருக்கும். உறைய வெகுநேரம் எடுக்கும், சில சமயம் உறையாமலே கிடக்கும். தட்டைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் வைத்தால் போதும், ஃப்ரிட்ஜ் தேவையில்லை. மறுநாள் அகர் தண்ணீர் விடும், அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. சீனி கூடினால் தண்ணீர் விடுவது குறையும்.

எலுமிச்சை சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகர் அறுந்து உறையும் சக்தி போய்விடும். அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறிய பிறகு சாற்றை ஊற்றுங்கள். அன்னாசி, பப்பாளி இரண்டும் பச்சையாகப் போட்டால் ஜெலட்டின் உறையாது, அவற்றின் நொதி புரதத்தைத் தின்றுவிடும். அகர் புரதமில்லை, அதனால் தாராளமாகப் போடலாம்.

அகர் தூள் வேலையைச் சுருக்கும். லிட்டருக்கு 8 கிராம், பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, பிறகு அடுப்பேற்றி இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதித்தால் போதும். வெந்நீரில் தூவினால் கட்டி தட்டும், அந்தக் கட்டி கரையவே கரையாது. சமையலறைத் தராசு இல்லாமல் தூள் வாங்க வேண்டாம். டீஸ்பூன் கணக்கில் ஒருவர் 2 கிராம் எடுப்பார், இன்னொருவர் 3 கிராம் எடுப்பார். லிட்டருக்கு நாலு கிராம் வித்தியாசம் வந்தால் ஒன்று கூழ், இன்னொன்று ரப்பர்.

தூளில் கலப்படம் பார்க்க மூன்று சோதனை. ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள்: அகர் மணல்மணலாக அடியில் தங்கும். தண்ணீர் உடனே வழவழப்பானால் கொத்தவரைப் பசை என்கிற குவார் கம் கலந்திருக்கிறது. கொதிக்கவைத்து ஆறிய கரைசலில் மருந்துக் கடை அயோடின் மருந்து ஒரு சொட்டு விட்டு, கருநீலமானால் மாவு கலந்திருக்கிறது. மூன்றாவதாக, உறைந்த துண்டு ஒன்றைக் கை பொறுக்கும் வெந்நீரில் போடுங்கள். கரைந்து மறைந்தால் அது ஜெலட்டின். பாசியிலிருந்தே எடுக்கிற இன்னொரு உறையவைக்கும் பொருளான கராஜீனனின் துண்டு இன்னும் நல்ல சூட்டில் இளகும், அகர் கிட்டத்தட்ட கொதிக்கும்வரை அசையாது. ‘அகர்’ என்று எழுதி விற்கிற பொருளை வீட்டிலேயே கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. கீழக்கரை வீடுகளுக்கு இது புது அக்கறை அல்ல. வீகன் என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே ஜெலட்டின் எந்தப் பிராணியுடையது, ஹலாலா என்று கேட்டு, நோன்புக் காலத்தில் கடப்பாசியை மட்டும் நம்பிய வீடுகள் அவை.

இப்போது வீகன் ஜெல்லி பவுடர். மதிப்பீட்டில் இதற்கு நாங்கள் கொடுப்பது பாதி மனதோடு ஒரு சரி. உள்ளே இருப்பது பெரும்பாலும் கராஜீனனும் வேறு பசைகளும் பொட்டாசியம் உப்பும் சீனியும். அகரைவிட மெத்தென்று, குலுங்கிக் குலுங்கி உறையும். குழந்தைகளுக்குப் பிடித்த பதம் இதுதான். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் படிக்காமல் வாங்கக் கூடாது. உணவில் சேர்க்கும் பொருளுக்கான ஐஎன்எஸ் எண் 406 என்றால் அகர், 407 என்றால் கராஜீனன், 401 என்றால் சோடியம் ஆல்ஜினேட், மூன்றும் பாசியிலிருந்து வருவது. பச்சைப் புள்ளி மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பால், வெண்ணெய், தேன் சேர்ந்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி உணவில் மட்டுமல்ல, சேர்க்கும் நிறம், மணம், நொதி, தயாரிப்பில் உதவும் பொருள் எதிலும் விலங்குப் பொருள் இருக்கக் கூடாது. அதற்கான அடையாளம் பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் அதன்மேல் இலையும். அந்தச் சின்னம் இல்லாமல் பெரிய எழுத்தில் ‘வீகன்’ என்று மட்டும் அச்சடித்த பாக்கெட்டுகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றை விடுங்கள்.

இன்னொரு பொறி தேங்காய்ப்பால் பவுடர். தேங்காய் என்று நம்பி வாங்குவார்கள், பொருள் பட்டியலில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம். தேங்காய் விளையும் ஊரில் இருந்துகொண்டு பவுடர் வாங்குவதே வீண். ஒரு நடுத்தரத் தேங்காயில் 200 மில்லி தண்ணீர் விட்டுப் பிழிந்தால் ஒரு தட்டுக் கடல்பாசிக்குப் பெருமளவு பால் கிடைத்துவிடும்.

கராஜீனன்மீது ஆன்லைனில் நடந்த சண்டையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை எடுக்கும் பாசி விளைவது மண்டபத்துக் கடலில். அமெரிக்காவில் ‘ஃபுட் பேப்’ என்ற பெயரில் இயங்கும் வாணி ஹரி சோயா பால், பாதாம் பால் பெட்டிகளில் இருந்த கராஜீனனை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 2014 ஆகஸ்டில் ஒயிட்வேவ் ஃபுட்ஸ் தன் சில்க், ஹொரைசன் சரக்குகளிலிருந்து அதை எடுத்துவிடுவதாக அறிவித்தது. வாங்குகிறவர்கள் கேட்பதால்தான் எடுக்கிறோம், பொருள் பாதுகாப்பானதே என்பது அதன் நிலை. அதே 2014-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்ஏஓவும் சேர்ந்த நிபுணர் குழுவான ஜெக்ஃபா, கைக்குழந்தைப் பால்மாவில்கூட லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை கவலைப்பட வேண்டியதில்லை என்று சொன்னது. 2016 நவம்பரில் அமெரிக்க இயற்கை உணவுத் தர வாரியம், இயற்கை உணவில் சேர்க்க அனுமதித்த பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது, 2018-ல் அந்நாட்டு வேளாண்துறை நீக்காமல் புதுப்பித்தது.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். கராஜீனனைக் கடும் அமிலத்தில் உயர்ந்த சூட்டில் மணிக்கணக்காக உடைத்தால் பாலிஜீனன் என்ற வேறு பொருள் வரும். எலிகளுக்குப் புண்ணும் கட்டியும் உண்டாக்கியது அது. 1983-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி உடைத்த கராஜீனனை ஒரு வகுப்பிலும் உடைக்காததை இன்னொரு வகுப்பிலும் வைத்தது. வீடியோக்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. அதற்காக, கேள்வியே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2017-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், பெருங்குடல் புண் நோய் அடங்கியிருந்தவர்களுக்குக் கராஜீனன் கொடுத்தபோது நோய் திரும்பியதாகத் தெரிந்தது. 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு இன்னும் விவரம் வேண்டும் என்று கேட்டது. பெருங்குடல் புண் நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்த்து அகரோடு நிற்பது நியாயம். மற்றவர்கள் வாரம் ஒரு கிண்ணம் ஜெல்லிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதே கராஜீனனைத் தொடாதே என்று சொல்கிற வீகன் பக்கங்களில் பல, அடுத்த வீடியோவில் சீ மாஸ் ஜெல் விற்கின்றன. சீ மாஸ் என்று இந்தியாவில் விற்பதில் நிறையக் கப்பாபைகஸ் என்கிற பாசி. மண்டபம், பாம்பன் பக்கத்தில் ‘பெப்சி பாசி’ என்றால் எல்லோருக்கும் தெரியும், 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ நிறுவனம் அதை இங்கே பெண்கள் குழுக்களைக் கொண்டு வளர்க்கத் தொடங்கியதால் வந்த பெயர். கராஜீனன் எடுப்பதற்கென்றே வளர்க்கிற பாசி அது. பாக்கெட்டில் 407 என்று இருந்தால் விஷம், பாட்டிலில் ‘சீ மாஸ்’ என்று இருந்தால் அமுதம் என்பதை ஏற்க முடியாது. இரண்டிலும் கெட்டிப்படுத்துவது ஒரே பொருள்.

சீ மாஸ் ஜெல்லுக்குச் சொல்கிற பெரிய விளம்பரம், அதில் 92 தாதுக்கள் இருக்கின்றன என்பது. தனிம அட்டவணையில் 92-வது இடத்தில் இருப்பது யுரேனியம். அதற்கு முன்னால் ஈயம், ஆர்செனிக், பாதரசம் எல்லாம் வந்துவிடும். உடம்புக்குத் தேவையான தாதுக்கள் இருபதுக்குள்தான். எண் பெரியதாக இருந்தால் நல்லது என்று நம்பவைக்கிற விளம்பரம் இது. ஜெல் பாட்டிலை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காய்ந்த பாசியை வாங்கி வீட்டில் செய்வதானால் செய்யலாம். 50 கிராம் பாசியை நன்றாக அலசி, மூன்று முறை தண்ணீர் மாற்றி 12 மணி நேரம் ஊறவைத்து, 500 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு அரைத்தால்தான் சீராக உறையும். வீடியோவில் காட்டுகிறபடி பச்சைத் தண்ணீரில் அரைத்தால் நறநறவென்று இருக்கும், மேலே தண்ணீர் தேங்கும். காரணம், கராஜீனன் கரைய 80 டிகிரி அளவு சூடு வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், அதற்கு மேல் பூசணம்.

காய்ந்த பாசிமேல் பூத்திருக்கும் வெள்ளை உப்பு பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளிகள், பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த ஜெல் பக்கமே போகக் கூடாது, அலசினாலும் முழுக்கப் போகாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் பாசித் தூள், பாசி கேப்சூல் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். பாசி வகைக்கு வகை, அறுவடைக்கு அறுவடை அது பல மடங்கு மாறும். 2009-ல் ஆஸ்திரேலியாவில் போன்சாய் என்ற சோயா பால், கொம்பு என்கிற கடற்பாசி சேர்த்ததால் அயோடின் அளவுக்கு மீறிப்போய்த் திரும்பப் பெறப்பட்டது, குடித்தவர்களுக்குத் தைராய்டு கெட்டது. சுத்த சைவம், இயற்கை என்ற இரண்டு சொல்லும் அந்தப் பெட்டிக்குப் பொருந்தும். வைட்டமின் பி12 விஷயத்திலும் பாசியை நம்பக் கூடாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடம்பு பயன்படுத்த முடியாத போலி பி12. பாலும் தயிரும் விட்டவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோதான் வழி.

பொருளை விட்டு ஆளைக் குறிவைத்த ஆன்லைன் சண்டைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2019 மார்ச்சில் ‘ராவானா’ என்று அறியப்பட்ட யூடியூபர் யோவானா மெண்டோசா பாலித் தீவில் மீன் தட்டோடு வேறொருவரின் வீடியோவில் தெரிந்துவிட்டார். பச்சைக் காய்கனி வீகன் என்று பெயரெடுத்தவர். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பக்கமெல்லாம் மீன் படத்தைப் போட்டுத் தள்ளினார்கள். உடல்நலம் கெட்டதால் மருத்துவ ஆலோசனைப்படி மாறியதாக அவர் சொன்னார். அந்தக் கூச்சலில் கேட்க வேண்டிய கேள்வி தட்டில் இருந்த மீனைப் பற்றியது இல்லை, அவர் அதுவரை மற்றவர்களுக்குச் சொல்லிவந்த உணவு முறை யாருக்குப் பொருந்தும், யாருக்கு ஆபத்து என்பது. ஆளை விரட்டியதும் வேலை முடிந்தது என்று எல்லோரும் போய்விட்டார்கள், அந்த மாதிரி உணவுத் திட்டங்கள் வேறு முகங்களோடு இன்றும் ஓடுகின்றன.

வாங்குகிறவர்களுக்கு இதில் நேரடிப் பாதிப்பு நட்சத்திர மதிப்பெண்ணில் வருகிறது. ஒரு பிரபலத்தின் சண்டைக்குப் பிறகு ஒரு சரக்கின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் கொட்டும், அல்லது ஆதரவாளர்களின் ஐந்து நட்சத்திரம் கொட்டும். இரண்டையும் ஒதுக்குங்கள். எத்தனை கிராமுக்கு எத்தனை மில்லி, உறைந்ததா, வாடை இருந்ததா, தயாரித்த தேதி என்ன என்று எழுதியிருக்கிற மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஒரே வாரத்தில் குவிந்த திட்டுகளும் வருடம் முழுக்கப் பரவி வந்த குறைகளும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவதுதான் உண்மையான குறை.

வீகன் நண்பர்கள் கடற்கரைச் சனங்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டும் வீடியோக்களைப் பகிர்கிறபோது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் தட்டில் இருக்கும் பாசியை எடுத்துத் தருவது மீனவர் வீட்டுப் பெண்கள். பாம்பன் சின்னப்பாலம் பெண்கள் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிக் குளித்து எடுக்கிறார்கள். பாசி திரும்ப வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015-ல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது பெற்றார். மிதவை வளர்ப்பு வேறு வேலை: 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம் என்று 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. ஓரா மீன் தின்னாமல் இருக்க அடியில் வலை.

விலங்குகள்மேல் கரிசனம் உள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் வீடியோவாக்குவதில்லை. மிதவையில் வளர்க்கிற கப்பாபைகஸ் வெளிநாட்டு இனம். 2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் அது படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பவளமும் உயிர்தான், குருசடையைச் சேர்த்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சீ மாஸ் வாங்கினால் எந்தக் கடலில், எந்த மிதவையில் வளர்ந்தது என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

விலையைக் கிராம் கணக்கில் ஒப்பிட வேண்டாம். பாக்கெட் விலையை அதன் எடையால் வகுத்து, ஒரு லிட்டர் உறைய வேண்டிய கிராமால் பெருக்குங்கள்: இழைக்கு 10, தூளுக்கு 8, ஜெல்லி பவுடருக்குப் பாக்கெட்டில் சொன்ன அளவு. ஜெல்லி பவுடரில் எடையின் பெரும்பகுதி சீனி என்பதால் மலிவு போலத் தெரிந்ததெல்லாம் அங்கே மாறிவிடும். வாங்கும்போது இழை பளிச்சென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரைக் காற்று இதைக் கெடுத்துவிடும் என்பதால் நோன்புக்கென்று முன்கூட்டி வாங்கி வைப்பவர்கள் கட்டைப் பிரிக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்பங்கரைக்கு வெளியே வைக்கவும். பழுப்பேறிய இழை கெட்டதல்ல. பூசண வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள், கொதிக்கவைத்தாலும் அந்த வாடை போகாது.